பாயசக் கரண்டியில சுக்குப் பொடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல போன மாசம் வந்த இஞ்சி கேக் குறிப்பு பத்தி எழுதறேன். நான் ஒண்ணும் லெட்டர் போடற ஆளு கெடையாது, கல்யாணம் ஆன நாள்ல இருந்து உங்க பேப்பர்தான் வாங்கறோம், இதுவரைக்கும் ஒரு கார்டு கூட எழுதினதில்ல. ஆனா இந்தத் தடவை வெல்லம், வெண்ணெய், முட்டை, எங்க மருமகளோட ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாம் சேர்ந்து போயிருச்சு, அதான் உக்காந்துட்டேன். செல்லுல டைப் பண்றேன், பிழை இருந்தா திருத்திக்குங்க, திருத்த நேரமில்லேன்னா அப்படியே போட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்ல.

அந்தக் குறிப்புல மைதா 225 கிராம், வெண்ணெய், வெல்லப்பாகு, முட்டை எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. சமையல் சோடா 1 தேக்கரண்டின்னு போட்டிருந்தீங்க, அதுவும் சரி. அதுக்குக் கீழ பாருங்க, சுக்குப் பொடி 1 இனிப்புக் கரண்டி, பால் 2 இனிப்புக் கரண்டி. இனிப்புக் கரண்டின்னா என்னன்னு எங்க மருமக ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, சரி இனிப்புக்குன்னு வீட்ல ஒரு கரண்டி இருக்கே, விசேஷத்துக்குப் பாயசம் ஊத்தற பித்தளைக் கரண்டி, அதை எடுத்துட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா நீங்களே சொல்லுங்க. கரண்டின்னு எழுதியிருக்கு, இனிப்புன்னு எழுதியிருக்கு, எங்க வீட்ல அந்த ரெண்டும் சேர்ந்தா பாயசக் கரண்டிதான்.

அந்தக் கரண்டிக்கு ஒரு கரண்டி சுக்குப் பொடி போட்டிருக்கா. அதுவும் கடைப் பொடி இல்ல, நான் வெயில்ல காயவெச்சு இடிச்சு சலிச்சு வெச்சிருந்த நாட்டுச் சுக்கு. பால் ரெண்டு கரண்டி ஊத்தினதுல மாவு தோசை மாவுக்கும் கீழ போயிருச்சு. ஓவன்ல அது பொங்கி எழும்பி, நடுவுல பொத்துன்னு உக்காந்துருச்சு. வாசனை மட்டும் தெருக்கோடி வரைக்கும் போச்சு. எங்க வீட்டுக்காரர் ஒரு துண்டு வாயில போட்டவர் கண்ணுல தண்ணியோட, "ஏம்மா, தீபாவளி லேகியத்த இந்த வருஷம் சதுரமா போட்டுட்டியா"ன்னு கேட்டாரு. மருமக ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரங்கழிச்சு பேப்பரத் தூக்கிட்டு வந்து "அத்தை, நான் இதுல இருக்கறபடிதான் செஞ்சேன், வேணும்னா பாருங்க"ன்னு என் முன்னாடி வெச்சா.

பாத்த உடனே எனக்குப் புரிஞ்சுருச்சு. ஏன்னா அந்த வார்த்தை எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அது டெசர்ட் ஸ்பூன். உங்க குறிப்பு இங்கிலாந்துல இருக்கற ஒரு வாசகி அனுப்பினதுன்னு கீழ போட்டிருந்தீங்க, அவங்க இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதியிருப்பாங்க, உங்க ஆபீஸ்ல யாரோ டெசர்ட்டுன்னா இனிப்பு, ஸ்பூன்னா கரண்டின்னு டிக்ஷனரியப் பாத்துப் போட்டுட்டாங்க. டீஸ்பூன் தெரியும், டேபிள்ஸ்பூன் தெரியும், இது ரெண்டுக்கும் நடுவுல ஒருத்தன் இருக்கான்னு நம்ம ஊர்ல நெறைய பேருக்குத் தெரியாது. இங்கிலாந்துலயே சின்னப் பிள்ளைகளுக்கு அது சாப்பிடற ஸ்பூனாத்தான் தெரியும், அளவா தெரியறது பாட்டி எழுதி வெச்ச பழைய நோட்டுலதான்னு அங்க இருக்கற சொந்தக்காரங்க சொல்வாங்க.

கணக்கு இவ்வளவுதான். டீஸ்பூன் 5 மில்லி, டெசர்ட் ஸ்பூன் 10 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. அதாவது ஒரு டெசர்ட் ஸ்பூன்னா ரெண்டு டீஸ்பூன். உங்க குறிப்புல "சுக்குப் பொடி 2 டீஸ்பூன், பால் 4 டீஸ்பூன்"னு போட்டிருந்தா வேலை முடிஞ்சுது.

எங்க பாயசக் கரண்டி எவ்வளவு பிடிக்குதுன்னு அன்னைக்கு சாயங்காலமே அளந்து பாத்தேன். நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பார்மசிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவ, அதனால வீட்ல எப்பவும் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு ரெண்டு கெடக்கும். அதுல தண்ணிய உறிஞ்சி கரண்டியில விட்டா ஆறு சிரிஞ்ச் வாங்கிக்கிச்சு, அதுக்கு மேலயும் ரெண்டு மில்லி நின்னுச்சு. 62 மில்லி. தண்ணி விளிம்புக்கு மேல கண்ணாடி மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும் பாருங்க, ஒரு சொட்டு கூட விட்டா வழிஞ்சுரும், அந்த எடத்துல நிறுத்தினேன். ஆக 10 மில்லி போட வேண்டிய எடத்துல ஆறு மடங்கு போட்டிருக்கா. பால் 20 மில்லிக்குப் பதிலா 124 மில்லி. அந்த கேக் உக்காராம என்ன செய்யும்.

சரி அளக்க ஆரம்பிச்சாச்சேன்னு வீட்ல இருக்கற எல்லா ஸ்பூனையும் எடுத்து மேசையில பரப்பிட்டேன், வீட்டுக்காரர் ஒரு மாதிரியா பாத்தாரு, நான் கண்டுக்கல. காபி கலக்கற எவர்சில்வர் ஸ்பூன் மூணு இருந்துச்சு, ஒண்ணு 4, ஒண்ணு 5, இன்னொண்ணு கல்யாணத்துல யாரோ குடுத்த பூப்போட்டது 6 மில்லிக்கும் மேல. சாதம் சாப்பிடற ஸ்பூன், அதான் ஓட்டல்ல பொங்கலுக்கும் சாம்பார் இட்லிக்கும் போட்டுக் குடுப்பாங்களே அந்த சைசு, அது 10 மில்லி. ரெண்டு தடவை அளந்தேன், பத்தேதான். ஆக டெசர்ட் ஸ்பூன்ங்கிறது ஏதோ வெள்ளக்காரன் வீட்டு அலமாரியில இருக்கற பொருள் இல்ல, நம்ம ஸ்டாண்டுலயே தொங்கிக்கிட்டு இருக்கு, பேருதான் இல்ல. நாம அதைப் பெரிய ஸ்பூன்னு சொல்லிட்டு, குறிப்புல டேபிள்ஸ்பூன்னு வந்தா அதையே எடுத்துப் போடறோம். அதனாலதான் பல வீட்ல டேபிள்ஸ்பூன் கணக்கு எப்பவுமே மூணுல ஒரு பங்கு கம்மியாவே விழுது.

இதுல இன்னொரு கூத்து, இந்த டெசர்ட்டுக்கும் இனிப்புக்கும் வார்த்தையில சம்பந்தமே கெடையாது. பிரெஞ்சுல மேசையத் துடைச்சு பாத்திரத்த எடுக்கறதுக்கு ஒரு சொல் இருக்கு, தெசெர்வீர்னு, அதுல இருந்து வந்தது. சாப்பாட்டுத் தட்டெல்லாம் எடுத்தப்புறம் கொண்டு வந்து வைக்கற பழம், பலகாரம், அதுதான் டெசர்ட். அப்படிப் பாத்தா உங்க சப் எடிட்டர் "எச்சில் எடுத்த கரண்டி"ன்னு போட்டிருந்தா கூட இனிப்புக் கரண்டிய விடக் கொஞ்சம் பக்கமா வந்திருப்பாரு. கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன்.

எனக்கு அந்த வார்த்தை எப்படிப் பழக்கம்னு சொல்றேன். பார்மசி டிப்ளமா படிச்சப்போ வீட்டு அளவுகள்னு ஒரு அட்டவணை மனப்பாடம் பண்ணணும். டீஸ்பூன் ஒரு டிராம், டெசர்ட் ஸ்பூன் ரெண்டு டிராம், டேபிள்ஸ்பூன் நாலு டிராம், எட்டு டிராம் சேர்ந்தா ஒரு அவுன்ஸ். 60 மினிம் ஒரு டிராம். 1956-லயே மெட்ரிக் சட்டம் வந்துருச்சு, ஆனா எங்களுக்கு ரெண்டையும் சொல்லிக் குடுத்தாங்க, பழைய டாக்டருங்க சீட்டு அப்படித்தான் வரும்னு. அந்த டிராம் இங்கிலாந்து கணக்குல சுமாரா மூணரை மில்லி, அதை முழுசா நாலுன்னு வெச்சுக்குவாங்க, அதனால எங்க அட்டவணையில டெசர்ட் ஸ்பூன் 8 மில்லின்னு இருக்கும், சமையல்ல இப்போ 10 மில்லிங்கறாங்க. டீஸ்பூனே அந்தக் காலத்துல சின்னதுதான். மருந்துக்கடைப் பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா "எட்டுல்ல?"ன்னு கேப்பாங்க, அதுக்காகத்தான் சொல்லி வெக்கறேன்.

சீட்டுல அதை லத்தீன்ல எழுதுவாங்க. ஸ்பூனுக்கு காக்ளியாரே. பெரிய ஸ்பூன் காக்ளியாரே மேக்னம், நடு ஸ்பூன் காக்ளியாரே மீடியம், சின்னது காக்ளியாரே மினிமம். காக்ளியான்னா நத்தை ஓடு. ரோமாபுரிக்காரங்க நத்தை சாப்பிடறதுக்கும் முட்டைய உடைக்கறதுக்கும் பின்பக்கம் ஊசியா இருக்கற ஸ்பூன் வெச்சிருந்தாங்க, அதுல வந்த பேரு. காதுக்குள்ள சுருண்டு இருக்கற உறுப்புக்கும் காக்ளியான்னுதான் பேரு, காது கேக்காத கொழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கறாங்களே, அதே நத்தைதான். கேக்கு எங்க போகுது பாருங்க.

நான் வேலைக்குச் சேந்த புதுசுல எங்களுக்கு மூத்த காம்பவுண்டர் ஐயா ஒருத்தர் இருந்தாரு. அப்பல்லாம் மிக்சர் நாங்களே கலப்போம், வயித்துக்கு ரோஸ் கலர்ல கார்மினேட்டிவ் மிக்சர், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஜனங்க வீட்ல இருந்து பாட்டில் கொண்டு வருவாங்க, எண்ணெய் பாட்டில், சாராய பாட்டில், எது கெடைக்குதோ அது. ஒருநாள் நான் படிச்ச படிப்பக் காட்டணும்னு ஒரு கிழவிகிட்ட "பாட்டி, ஒரு டெசர்ட் ஸ்பூன் மூணு வேளை குடிங்க"ன்னு சொல்லிட்டேன். அது என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஸ்பூனுக்கு நான் எங்க போவேன் தாயி, வீட்ல அகப்பைதான் கெடக்கு"ன்னுச்சு. காம்பவுண்டர் ஐயா ஒண்ணும் சொல்லல. ஒரு துண்டு பேப்பர எடுத்து நீளவாக்குல மடிச்சு, ஓரத்துல கத்திரியால பல்லு பல்லா வெட்டி, விரிச்சு, கோந்து தடவி பாட்டில் மேல ஒட்டினாரு. மருந்து நிக்கற எடத்துல இருந்து அடி வரைக்கும் ஒம்போது பல்லு. "ஒரு வேளைக்கு ஒரு பல்லு எறங்கணும், அவ்வளவுதான் ஆச்சி"ன்னாரு. கிழவி பாட்டில வாங்கிட்டு விரலால ஒவ்வொரு பல்லா தடவி எண்ணிப் பாத்துட்டுப் போச்சு. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் ஸ்பூன் பேரே எடுத்ததில்ல.

இப்போ சிரப் பாட்டிலுக்கு மூடி மேல 2.5, 5, 10னு கோடு போட்ட பிளாஸ்டிக் கப்பு வருதே, அது அந்தப் பேப்பர் பல்லுதான். அமெரிக்காவுல கொழந்தை டாக்டர்கள் சங்கம் 2015-ல கொழந்தைகளுக்கான தண்ணி மருந்த மில்லியில மட்டும்தான் எழுதணும், டீஸ்பூன் டேபிள்ஸ்பூன்னு எழுதவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மருந்துல இது பெரிய விஷயம், ஸ்பூன் மாறிப்போனா மூணு மடங்கு உள்ள போயிரும். கேக்குக்கு அவ்வளவு இல்லதான், ஒத்துக்கறேன்.

சமையல் பக்கம் வருவோம். இந்த ஸ்பூன் கணக்க இங்கிலாந்துல வீட்டுக்கு வீடு கொண்டு போனவங்கள்ல முக்கியமானவங்க மிசஸ் பீட்டன். 1861-ல வந்த அவங்க குடும்ப நிர்வாகப் புத்தகத்துல டேபிள்ஸ்பூன்னா அரை அவுன்ஸ் தண்ணி பிடிக்கற அளவு, டெசர்ட் ஸ்பூன் அதுல பாதி, டீஸ்பூன் ஒரு டிராம்னு தெளிவா எழுதி வெச்சாங்க. துளிங்கிறது சரியான அளவு இல்ல, பாட்டில் வாய் எப்படி இருக்கோ அதுக்குத் தக்க மாறும்னு கூட எழுதியிருக்காங்க. அந்தம்மா செத்துப்போகும்போது வயசு 28தான். அந்த வயசுல நான் டெசர்ட் ஸ்பூனப் பத்தி ஒரு கிழவிகிட்ட பல்பு வாங்கினவ. மருந்துக்கடையும் அடுப்படியும் அப்போ ஒரே அளவுலதான் நடந்துச்சுங்கறது அதப் படிச்சாத்தான் தெரியுது.

அதுக்கப்புறம் நம்ம ஊருக்கு வந்தாரு ஒரு துரை. கென்னி-ஹெர்பர்ட்னு ஒரு பட்டாளத்து அதிகாரி, வைவர்ன்ங்கற புனைபேர்ல எழுதினவரு. மெட்ராஸ்ல இங்கிலீஷ் பேப்பர்ல சமையல் பத்தி எழுதி, 1878-ல அது மெட்ராஸ்லயே புத்தகமா வந்துச்சு. என் பொண்ணு நெட்ல எடுத்து அனுப்பினா, சும்மா பொரட்டிக்கிட்டு இருந்தேன், முலுகுடானிங்கற இங்கிலீஷ் சூப்பு நம்ம மிளகுத்தண்ணியில இருந்துதான் வந்துச்சுன்னு சொல்ற எடத்துல, மெட்ராஸ்காரன் வீட்ல அதை எப்படி வைப்பான்னு ஒரு குறிப்பு குடுத்திருக்காரு. நான் அப்படியே உக்காந்துட்டேன். புளி ஒரு டெசர்ட் ஸ்பூன். மிளகாய் வத்தல் ஆறு, பூண்டு ஆறு பல்லு, கடுகு ஒரு டீஸ்பூன், வெந்தயம் ஒரு சால்ட் ஸ்பூன், மிளகு பன்னெண்டு, உப்பு ஒரு டீஸ்பூன், கறிவேப்பிலை ஆறு எலை. இதை அரைச்சு ஒரு பைன்ட் தண்ணி விட்டு கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, சட்டியில ரெண்டு சின்ன வெங்காயத்த நெய்யில வதக்கி, ரசத்த வடிகட்டி அதுல ஊத்தணும். அந்த நெய்யும் ஒரு டெசர்ட் ஸ்பூன். கறிவேப்பிலைக்கு அவரு எழுதியிருக்கற பேரு கரே-பாக்குன்னு தெலுங்கு மாதிரி இருக்கு, யார் சமைச்சாங்களோ.

புளி ஒரு டெசர்ட் ஸ்பூன்! எந்த வீட்லயாவது புளிய ஸ்பூன்ல அளந்து பாத்திருக்கீங்களா? நமக்கு நெல்லிக்காய் அளவு, எலுமிச்சம்பழ அளவு, சுண்டைக்காய் பெருங்காயம், ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி, கையளவு பருப்பு. சித்த வைத்தியத்துல சூரணத்துக்கு திரிகடி, வெருகடின்னு விரல் நுனியிலதான் கணக்கு. எந்தச் சமையல்காரம்மா அவருக்குச் சொன்னாங்களோ, அவங்க நெல்லிக்காய் அளவுன்னுதான் சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. அதைத் துரை அவங்க ஊர் ஸ்பூனுக்கு மாத்தினாரு. நீங்க இப்போ அவங்க ஊர் ஸ்பூன எங்க பாயசக் கரண்டிக்கு மாத்திட்டீங்க. அந்த மனுஷன் மாத்தினத வெச்சு இன்னைக்கும் ரசம் வைக்கலாம், நான் வெச்சுப் பாத்தேன், வெந்தயம் தூக்கலா இருந்துச்சு, மத்தபடி ரசம்தான். உங்க கேக்க எங்க தெரு நாயி கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.

அந்த சால்ட் ஸ்பூன்ங்கறதும் இப்போ வழக்கொழிஞ்ச ஆளுதான். மேசையில சின்னக் கிண்ணத்துல உப்பு வெச்சு அதுக்கு ஒரு குட்டி ஸ்பூன் போட்டு வெப்பாங்க, நாலு சால்ட் ஸ்பூன் சேந்தா ஒரு டீஸ்பூன்னு கணக்கு. ஓட்ட போட்ட உப்பு டப்பா வந்ததும் அது போயிருச்சு. டெசர்ட் ஸ்பூன் மட்டும் எப்படியோ தப்பிச்சுது, ஏன்னா அதுல தினமும் சாப்பிடறாங்க.

அமெரிக்காக்காரங்க இதுல கெட்டிக்காரங்க, 1896-ல பாஸ்டன் சமையல் பள்ளிக்கூடத்து ஃபேனி ஃபார்மர்ங்கற அம்மா ஸ்பூன் மேல கத்தியால வழிச்சு சமமாத்தான் அளக்கணும்னு பிடிவாதமா எழுதி, டீஸ்பூன், டேபிள்ஸ்பூன், கப்பு இதுக்குள்ளயே எல்லாத்தயும் அடக்கிட்டாங்க. அங்க அளவு ஸ்பூன் செட்டுல டெசர்ட் ஸ்பூன் இருக்கவே இருக்காது. நம்ம ஊர் கடையில விக்கற பிளாஸ்டிக் செட்டும் அந்த மாதிரிதான், அதனாலதான் எங்க மருமக செட்ட எடுத்துப் பாத்தும் அவளுக்கு விடை கெடைக்கல. ஆனா இங்கிலாந்துக்காரங்க பழைய குறிப்புல வெறும் ஸ்பூன்னா குவிச்சு எடுக்கறது, ஸ்பூனுக்குள்ள எவ்வளவோ மேலயும் அவ்வளவு. குவிச்ச டீஸ்பூனும் வழிச்ச டெசர்ட் ஸ்பூனும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துரும். சுக்குப் பொடியில இதைச் செஞ்சு பாத்தேன், சரியாத்தான் வந்துச்சு, கொஞ்சம் கீழ சிந்திச்சு, தும்மலும் வந்துச்சு.

என் பொண்ணு மெல்போர்ன்ல இருக்கா. அவகிட்ட போன்ல இதைச் சொல்லி 5, 10, 15னு பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன், அவ சிரிச்சுக்கிட்டே "அம்மா, இங்க டேபிள்ஸ்பூன் 20 மில்லி"ங்கறா. நான் நம்பல, அப்புறம் வீடியோ கால்ல ஸ்பூனத் திருப்பிக் காட்டினா, பின்னாடி 20னு அச்சடிச்சிருக்கு. ஆஸ்திரேலியாவுல மட்டும் டேபிள்ஸ்பூன்னா நாலு டீஸ்பூன். அங்க போனா மிசஸ் பீட்டன் சொன்ன மாதிரி டெசர்ட் ஸ்பூன் சரியா பாதி ஆயிருது. உங்க இணைப்புல வாரம் ஒரு வெளிநாட்டு வாசகி குறிப்பு போடறீங்க, ஒரு வாரம் லண்டன், ஒரு வாரம் சிட்னி, ஒரு வாரம் நியூஜெர்சி. எல்லாத்துலயும் மேசைக்கரண்டி மேசைக்கரண்டின்னே போட்டா எந்த ஊர் மேசைன்னு நாங்க கண்டுபிடிக்கணுமா?

தமிழ்ல கரண்டிங்கற சொல்லே வம்புதான், அதையும் சொல்லிடறேன். இலங்கைத் தமிழருங்க தேக்கரண்டி, மேசைக்கரண்டின்னு பேச்சுலயே சொல்வாங்க, அவங்களுக்குக் குழப்பம் இல்ல. நம்ம வீட்ல கரண்டின்னா குழம்பு ஊத்தறது, குழிக்கரண்டி, ஜல்லிக்கரண்டி, எண்ணெய்க் கரண்டி, தாளிப்புக் கரண்டி. கலக்கறது சாப்பிடறது எல்லாம் ஸ்பூன்தான். யாரு வாயிலயும் தேக்கரண்டின்னு வந்து நான் கேட்டதில்ல, பேப்பர்லயும் மசாலா பாக்கெட்லயும் மட்டும்தான் பாத்திருக்கேன். எங்க பக்கத்து வீட்ல ரிட்டயர்டு தமிழ் ஐயா ஒருத்தர் இருக்காரு, கேக் கதையக் கேட்டுட்டு ரெண்டு நாள் யோசிச்சு, டெசர்ட் ஸ்பூனுக்கு "இடைக்கரண்டி"ன்னு வெக்கலாம்மான்னு வந்து சொன்னாரு. நான் ஐயா நடுக்கரண்டின்னே வெச்சுடுங்க, லத்தீன்காரன் மீடியம்னு சொன்னதும் அதானேன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். வெக்கறதா இருந்தா அதையே வெங்க, ஆனா எப்படி வெச்சாலும் பக்கத்துல மில்லி எத்தனைன்னு ஒரு நம்பர் போடுங்க. நம்பர் போட்டுட்டா அப்புறம் நீங்க அதை எந்தக் கரண்டின்னு கூப்பிட்டாலும் நாங்க சண்டைக்கு வரமாட்டோம்.

கேக்குக்குத் திருத்தம் போடுவீங்கன்னு மூணு ஞாயித்துக்கிழமை பாத்தோம், வரல. மூணாவது வாரம் வந்த அதிரசக் குறிப்புல சுக்கு "அரை இனிப்புக் கரண்டி"ன்னு மறுபடியும் போட்டிருக்கீங்க, அதிரசம் எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு இங்கிலீஷ்ல இருந்து மொழிபெயர்த்தீங்களோ.

அந்த கேக்க நாங்க தூக்கிப் போடல. மருமக அதைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி வெயில்ல காயவெச்சு டப்பாவுல போட்டுட்டா. வீட்டுக்காரர் தெனம் காலையில ஒரு துண்ட டீயில நனைச்சுத் தின்னுக்கிட்டு இருக்காரு, தொண்டைக்கு நல்லா இருக்காம். நான் அந்த 10 மில்லி ஸ்பூன் காம்புல சிவப்பு நெயில் பாலிஷால ஒரு புள்ளி வெச்சு சுக்கு டப்பாவுக்குள்ளயே போட்டுட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை அவ மறுபடியும் அந்த கேக்கப் போடறேங்கறா, பால் நாலு டீஸ்பூன்னு உங்க பேப்பர் மேலயே பேனாவால திருத்தி எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டியாச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை